கொட்டிலுக்குக் கட்டிய கயிறு

செயின்ட் பால், மினசோட்டா
1884 செப்டம்பர் 14

பெரிட் அக்காவுக்கு,

எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதே. போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுப் போடு. விறகே இல்லாமல் காய்ந்த புல்லை முறுக்கி எரிக்கிற ஊரில் ஒரு தாள் எத்தனை நேரம் எரியும் என்று எனக்குத் தெரியும்.

இங்கே ஒரு பெரிய விடுதியின் சலவை அறையில் வேலை பார்க்கிறேன். நாளெல்லாம் யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகளை வெளுக்கிறேன். சோற்றுக்குக் குறையில்லை. நான் எழுதுவது அதற்காக இல்லை.

நேற்று அரசு முத்திரையோடு ஒரு தாள் வந்தது. பக்கத்து நிலத்துக்காரன் ஹிக்ஸ் என் நிலத்தின் மேல் வழக்குப் போட்டிருக்கிறான். ஆறு மாதத்துக்கு மேல் நான் அங்கே குடியிருக்கவில்லையாம், நிலத்தைக் கைவிட்டுப் போய்விட்டேனாம், அதனால் நூற்றறுபது ஏக்கரும் அவனுக்கு வர வேண்டுமாம். ஐந்து வருடம் குடியிருந்தால் நிலம் சொந்தம் என்பது சட்டம். நான் நாலு வருடத்தை அந்தக் காற்றுக்கும் வெட்டுக்கிளிக்கும் கொடுத்துவிட்டேன். இன்னும் ஒன்றுதான் பாக்கி.

உனக்கு நினைவிருக்கிறதா, அந்த வீட்டை அங்கே கட்டச் சொன்னது ஹால்வர் அத்தான்தான். "ரெண்டு நிலத்துக்கும் நடுக்கோட்டுல ஒரே வீடா கட்டிப்போடுவோம். நாங்க எங்க நிலத்துல தூங்குறோம், நீ உன் நிலத்துல தூங்கு. சட்டத்துக்கும் திருப்தி, சுவருக்குப் புல்மண்ணு வெட்டுற வேலையும் பாதி" என்றார். தரையில் கோடு போகிற இடத்தில் வெள்ளைக் கல்லாகப் பதித்தார். சாப்பிடும்போது, "ராக்னா, உங்க நாட்டு உப்பைக் கொஞ்சம் எங்க நாட்டுக்கு அனுப்பு" என்பார். நீ சிரிக்கமாட்டாய். சிரித்ததைக் காட்டிக்கொள்ளமாட்டாய்.

நவம்பர் பத்தாம் தேதி நில அதிகாரி நம் ஊர் எலும்பு ஓடைக்கு வந்து கடையில் வைத்துச் சாட்சி விசாரிப்பாராம். முதல் சாட்சி நீதான். மாதம் ஒரு முறை நான் வந்து என் கட்டிலில் படுத்துவிட்டுப் போனேன் என்று ஒரே ஒரு வார்த்தை சொல். என்னால் வர முடியாது. ஏன் என்று உனக்குத் தெரியும்.

ராக்னா


எலும்பு ஓடை, டகோட்டா பிரதேசம்
1884 செப்டம்பர் 29

ராக்னா,

மழை இல்லை. கோதுமை முழங்கால் உயரத்தோடு நின்றுவிட்டது. சிவப்பு மாடு பால் குறைத்துவிட்டது. கன்று நன்றாக இருக்கிறது.

உன் கடிதத்தை எரிக்கவில்லை. படித்தேன்.

வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துப் பொய் சொல்லச் சொல்கிறாய். அம்மா நம்மை அப்படி வளர்க்கவில்லை. நீ இங்கே ஒரு நாள்கூட வரவில்லை. வரவில்லை என்றுதான் சொல்வேன். உன் நிலம் உன் கையை விட்டுப் போனால் அதற்கு நான் பொறுப்பில்லை.

அவரைப் பற்றி நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை, உப்புக் கதை மட்டும் எழுதுகிறாய். நானே சொல்கிறேன், தெரிந்துகொள். அந்தப் பனிப்புயலில் காணாமல் போனவரை நான்காம் நாள் கண்டுபிடித்தபோது நீ பார்த்தாய். அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க நீ இல்லை. தரை இரும்பாக இருந்தது, கடப்பாரை இறங்கவில்லை. வண்டிக் கூண்டுத் துணியில் சுற்றி, வடக்குச் சுவரை ஒட்டிப் பனிக்குள் வைத்தோம். ஏப்ரல் வரைக்கும் அங்கேதான் இருந்தார். சுவருக்கு இந்தப் பக்கம் நான் படுத்திருந்தேன். இரவில் ஓநாய் வந்தால் தகரத்தைத் தட்டுவேன். பனி உருகியபோது என் நிலம் முழுக்கத் தண்ணீர். உன் பக்கத்து மேடு ஒன்றுதான் காய்ந்திருந்தது. அங்கேதான் புதைத்தோம்.

போன வாரம் ஹிக்ஸ் சங்கிலி போட்டு அளந்துகொண்டு வந்தான். மேட்டின் மேல் பூட்ஸ் காலோடு ஏறி நின்றான். "இது கல்லறை" என்றேன். "தெரியும்மா. ஆனா எலும்பு போட்ட மண்ணுல கோதுமை நல்லா வரும்னு சொல்வாங்க" என்றான்.

எல்லாம் ஒரு கயிற்றினால் வந்தது. புயலில் கண் தெரியாதபோது பிடித்துக்கொண்டு நடக்க வீட்டு வாசலிலிருந்து கொட்டில் வாசலுக்குக் கட்டின கயிற்றை நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை தொடக்கூடாது என்பது இந்த ஊரில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். நீ துணி காயப்போட அதை அவிழ்த்தாய்.

பெரிட்


செயின்ட் பால்
1884 அக்டோபர் 12

அக்கா,

கேட்கவில்லை என்றாய். கேட்கத் தைரியம் இல்லை. அதுதான் உண்மை.

ஆமாம், அவிழ்த்தேன். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. அன்று காலை எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். ஜனவரி மாதத்தில் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அத்தான் கோட்டைக் கழற்றிவிட்டு வேலை செய்தார். மூன்று வாரத்துத் துணி சேர்ந்திருந்தது, அதோடு கிழவி தோர்சனுடைய விரிப்புகளும். கயிற்றை அவிழ்த்து வண்டிச் சக்கரத்துக்கும் வைக்கோல் போர்க் கம்புக்கும் கட்டினேன். பதினொரு மணிக்கெல்லாம் காய்ந்துவிட்டது. கயிற்றைத் திரும்பக் கொண்டுபோய் வீட்டு வாசலிலும் கொட்டில் வாசலிலும் இரண்டு வளையத்திலும் கட்டினேன். அப்பா படகில் போடுகிற இரட்டை முடிச்சு. பிறகு விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு தோர்சன் வீட்டுக்கு ஒரு மைல் நடந்தேன். அங்கே இருக்கும்போதுதான் வடக்கே வானம் கறுத்து, அரை மணியில் கையை நீட்டினால் கை தெரியவில்லை. இரண்டு நாள் அங்கேயே மாட்டிக்கொண்டேன்.

திரும்பி வந்தபோது வாசலில் கயிறு இல்லை. அத்தானும் இல்லை. அவர் கிடைத்த நாளில் நீ கோடரியோடு நின்றாய். "நான் கட்டினேன்க்கா, கட்டிட்டுத்தான் போனேன்" என்று கத்தினேன். "நீதான்டி அவரைக் கொன்னே. இந்த வாசல்ல இன்னொரு தடவை கால் வெச்சே, வெட்டிப்போட்டுடுவேன்" என்றாய். ஊரே நின்று பார்த்தது.

அன்றைக்குக் கட்டினேன் என்று கத்தினவளுக்கு இன்றைக்கு அது தெரியவில்லை. அதுதான் கொடுமை. ஒரு நாள் முடிச்சுப் போடுகிற என் கை தெரிகிறது. இன்னொரு நாள் அது முந்தின வாரம் போட்ட முடிச்சோ என்று தோன்றுகிறது. இங்கே சலவைக் கொடியைக் கட்டிவிட்டு மூன்று தடவை திரும்பிப் போய் இழுத்துப் பார்க்கிறேன். கூட வேலை செய்கிற பெண்கள் எனக்கு முடிச்சுக்காரி என்று பெயர் வைத்துவிட்டார்கள். "முடிச்சுக்காரி, உன் பாவாடை நாடாவை இழுத்துப் பாத்தியா?" என்று கேட்டுச் சிரிக்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.

சரி, நீ சொல்வதே இருக்கட்டும். நான் கட்டாமல் போயிருப்பேன். கொன்றவள் நான்தான். மன்னித்துவிடு. மன்னிக்கமுடியாவிட்டால் வேண்டாம். ஆனால் அத்தான் மேல் ஏர் ஓடவிடாதே.

விடுதியில் தங்கியிருந்த ஒரு வக்கீலிடம் தாளைக் காட்டினேன். உயிருக்குப் பயந்து ஓடினவள் நிலத்தைக் கைவிட்டவள் ஆகமாட்டாளாம். ஆனால் விரட்டியது யார், எதற்கு என்று சத்தியம் செய்து சொல்ல வேண்டுமாம். விரட்டியவளே சொன்னால் வழக்கு நிற்காதாம். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நீ அதைச் சொல்லமாட்டாய் என்று தெரிந்துதான் சின்னப் பொய்யாவது சொல் என்று கேட்டேன்.

ராக்னா


எலும்பு ஓடை
1884 அக்டோபர் 25

ராக்னா,

முதல் உறைபனி விழுந்துவிட்டது. சிவப்பு மாடு தீனி எடுக்கவில்லை.

மூன்று தடவை எழுதித் தொடங்கினேன், மூன்றையும் கிழித்தேன். தாள் இனி இது ஒன்றுதான்.

கொன்றவள் நான்தான் என்று எழுதியிருக்கிறாய். இனிமேல் அப்படி எழுதாதே. யாரிடமும் சொல்லவும் செய்யாதே.

ஈஸ்டர் அன்று கிழவி தோர்சன் தேவாலயத்தில் என்னிடம் பேசினாள். அன்றைக்கு நீ கொண்டுவந்த விரிப்புகள் நன்றாகக் காய்ந்து, மடித்து, வெயில் வாசனையோடு இருந்தன என்றாள். "கொடியில விட்டுட்டு ஓடிவந்தவ மாதிரி தெரியலடி" என்றாள். இதை நான் உனக்கு அப்போதே எழுதியிருக்க வேண்டும்.

வேறு எழுத முடியவில்லை.

பெரிட்


செயின்ட் பால்
1884 நவம்பர் 2

பெரிட்,

ஈஸ்டர் ஏப்ரலில் வந்தது. இது நவம்பர். விரிப்பு காய்ந்து மடித்து வந்தது என்றால் கயிறு அப்போதே கொடியாக இல்லை என்று உனக்குப் புரிந்திருக்கும். நீ ஒன்றும் மண்டு இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் செப்டம்பரில் "எல்லாம் ஒரு கயிற்றினால் வந்தது" என்று எழுதினாயா?

உனக்கு வேறு என்ன தெரியும்?

சொல்லாவிட்டால் இனி எனக்கு எழுதாதே. நிலம் போகட்டும், எல்லாம் போகட்டும். என் கை கட்டியதா கட்டவில்லையா, அது ஒன்றைத் தெரிந்துகொண்டு சாக வேண்டும் எனக்கு.

ராக்னா


எலும்பு ஓடை
1884 நவம்பர் 12

ராக்னா,

நீ கட்டினாய். இரண்டு வளையத்திலும், இரட்டை முடிச்சு. அவிழ்த்தவள் நான்.

நீ தோர்சன் வீட்டுக்குப் போன பிறகு சிவப்பு மாட்டுக்கு வலி எடுத்தது. கன்றின் முன்னங்கால் வெளியே வந்து அப்படியே நின்றுவிட்டது. அவர் ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தார். இழுக்கக் கயிறு வேண்டும். வாசலில் இருந்ததை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டே ஓடினேன், கொட்டில் பக்கத்து முடிச்சையும் அவிழ்த்தேன். உன் முடிச்சு இறுகியிருந்தது. பல்லால் கடித்து அவிழ்த்தேன். அந்தச் சணல் ருசி என் வாயில் இருந்தது, அப்படியும் மறந்தேன். கன்றை இழுத்துப் போட்டு, கயிற்றை வைக்கோலில் எறிந்துவிட்டு, கை கழுவி ரொட்டி சுட உட்கார்ந்துவிட்டேன். வெயில் அடித்தது. பிறகு கட்டிக்கொள்ளலாம் என்றுகூட நினைக்கவில்லை. அந்த நினைப்பே வரவில்லை.

புயல் வந்ததும் அவரிடம், "கன்னுக்குட்டி ரொம்ப சோந்து கெடக்கு, ஒரு எட்டு பாத்துட்டு வாங்க" என்றேன். அனுப்பியவளும் நான்தான். வாசலில் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "கயிறு எங்க பெரிட்?" என்று கத்தினார். "ராக்னா துணி போட எடுத்திருப்பா" என்றேன். பொய் சொல்லவில்லை, அந்த நொடியில் அப்படித்தான் நினைத்தேன். "சரி, நாப்பது அடிதானே, கண்ண மூடிட்டுக்கூடப் போயிடுவேன்" என்றார். அவர் பேசின கடைசி வார்த்தை அது.

உன்னைக் கோடரியோடு விரட்டினபோதும் எனக்குத் தெரியாது. இதை மட்டும் நம்பு. அதற்குப் பிறகு நடந்தது எதற்கும் மன்னிப்புக் கேட்க எனக்கு முகம் இல்லை.

ஏப்ரலில் அவரைப் புதைத்த மறு வாரம் கொட்டிலில் சாணம் வாரினேன். மண்வெட்டியில் கயிறு மாட்டிக்கொண்டு வந்தது. ஒரு முனையில் கன்றின் காலுக்கு நான் போட்ட சுருக்கு, காய்ந்துபோன பனிக்குட நீரோடு அப்படியே இருந்தது. சாணத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கே உனக்கு எழுதியிருக்கலாம். விலாசத்துக்குப் பாதிரியாரைக் கேட்க வேண்டும், எதற்கு என்று அவர் கேட்பார், என்று சாக்குச் சொல்லிக்கொண்டேன். கயிற்றைக் கழுவி என் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். நீ செப்டம்பரில் எழுதியபோது அது அங்கேதான் இருந்தது. அதன் மேல் படுத்துக்கொண்டுதான் அம்மா நம்மை அப்படி வளர்க்கவில்லை என்று உனக்கு எழுதினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்களே, இரண்டும் ஒரே வீட்டில், ஒரு வெள்ளைக் கல் வரிசைக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தன.

நேற்றைக்கு முந்தின நாள் விசாரணை. கடை நிறைய ஆட்கள். அதிகாரி பீப்பாய்களை ஒதுக்கி மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். வேதப்புத்தகத்தில் கை வைத்தேன்.

"உங்க தங்கச்சி ஜனவரிக்கு அப்புறம் ஒரு நாளாவது இங்க குடியிருந்தாங்களா?"

"இல்லீங்க."

ஹிக்ஸ் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டான். "அவ்ளோதான் சார். அக்காவே சொல்லிட்டாங்க" என்றான்.

"ஏன் இல்லைன்னு நீங்க கேக்கலீங்களே" என்றேன்.

அதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "ஏன்?"

"நான் வெரட்டினேன். கோடாலி எடுத்துட்டு நின்னேன். காலு வெச்சா வெட்டுவேன்னு சொன்னேன். இங்க நிக்கிற பாதிப் பேரு பாத்தாங்க. கேளுங்க."

ஹிக்ஸ் சிரித்தான். "அக்கா தங்கச்சி பாசம் இப்பத்தான் பொங்குது போல. வழக்கு வந்ததும் கதை கட்டுறாங்க சார்."

பையிலிருந்து கயிற்றை எடுத்து மேசையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கன்று, பல்லால் கடித்த முடிச்சு, சாணம், கட்டில், எல்லாம்.

"இது எப்பலேருந்து உங்ககிட்ட இருக்கு?" என்றார் அதிகாரி.

"ஏப்ரல்லேருந்து."

கிழவி தோர்சன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். "நான் ஈஸ்டர் அன்னைக்குச் சொன்னேனேடி. சொன்னேனே. அப்பவும் கல்லு மாதிரி நின்னியே" என்றாள். பிறகு அதிகாரியிடம் திரும்பி, "நான் பாத்தேங்க. கோடாலிய நான் பாத்தேன்" என்றாள். அவளுக்குப் பிறகு இரண்டு பேர் கை தூக்கினார்கள்.

வழக்குத் தள்ளுபடி. மார்ச் முதல் தேதிக்குள் நீ திரும்பி வந்து குடியிருக்க வேண்டும். வந்தால் நிலம் உன்னுடையது, மேடும் உன்னுடையது. வராவிட்டால் ஹிக்ஸ் மறுபடி மனுப் போடலாம்.

போகும்போது தோர்சனின் மகன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். திரும்பும்போது யாரும் ஏறச் சொல்லவில்லை. ஒன்பது மைல் நடந்தேன். இனி யாரும் இந்த வாசலுக்கு வரமாட்டார்கள். வரவேண்டாம்.

நீ வரும்போது நான் இங்கே இருக்கக்கூடாது என்றால் ஒரு வரி எழுது. போய்விடுகிறேன். எங்கே என்று கேட்காதே.

பெரிட்


செயின்ட் பால்
1884 நவம்பர் 24

பெரிட்,

உன் கடிதத்தைச் சலவை அறையில் நின்றபடியே படித்தேன். நீராவியில் மை கலங்கிவிட்டது. "நீ கட்டினாய்" என்ற முதல் வரி மட்டும் கலங்கவில்லை. அதை அங்கிருந்த பெண்களுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

உன்னை நான் மன்னிக்கவில்லை. அவிழ்த்துவிட்டுக் கட்ட மறந்ததற்கு மன்னித்துவிட்டேன், அது யாருக்கும் நடக்கும், எனக்கு நடந்தது என்றுதானே பத்து மாதம் நம்பினேன். ஏப்ரலிலிருந்து நவம்பர் வரைக்குமானதை மன்னிக்கமுடியவில்லை. முடியும் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். பொய் நம் வீட்டில் போதும்.

அன்று மாலை கொடியைக் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். கதவு வரைதான். திரும்பிப் போய் இழுத்துப் பார்த்தேன். மூன்று தடவை. உண்மை தெரிந்துவிட்டது, ஆனால் கைக்குத் தெரியவில்லை. இது இனிப் போகாது என்று நினைக்கிறேன்.

நீ எங்கேயும் போகக்கூடாது. உன் நிலத்தில் நீ இரு. இன்னும் ஒரு வருடம் அந்த வீட்டில் என் பாதியில் நான் தூங்க வேண்டும், உன் பாதியில் நீ தூங்க வேண்டும். வெள்ளைக் கல் பதித்த இடத்தில் கூரை வரைக்கும் புல்மண்ணால் சுவர் வை. தரை உறைந்துவிட்டால் வைக்கோலையாவது அடுக்கு. அடுப்பு நடுவில் இருக்கட்டும், இரண்டு பக்கமும் சுட வேண்டும். உன்னோடு பேசமாட்டேன். மேட்டுக்கு நீ எப்போது வேண்டுமானாலும் வரலாம், என்னைக் கேட்க வேண்டியதில்லை.

மார்ச் வரை காத்திருக்கமாட்டேன். ரயில் ஓடுகிறபோதே வந்துவிடுகிறேன். யாரும் வராத வாசலில் உன்னால் தனியாக ஒரு குளிர்காலம் இருக்கமுடியாது. நீ செத்தால் புதைக்கவும் அந்த மேடுதான், என் நிலம்தான். எனக்கு இன்னொரு கல்லறை வேண்டாம்.

அந்தக் கயிற்றை எடு. வீட்டு வாசல் முனையை நீ கட்டு. கொட்டில் முனையை நான் வந்து கட்டுகிறேன். அதுவரை வானம் எப்படி வெளுத்திருந்தாலும் மதியத்துக்கு மேல் கொட்டிலுக்குப் போகாதே. மாடு கத்தினால் கத்தட்டும், செத்தால் சாகட்டும். நான் வந்த பிறகு நீ கட்டியதை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பேன், கோபித்துக்கொள்ளாதே. நான் கட்டியதை நீ தொடவே கூடாது.

ராக்னா